ஏழாவது பெயர்

ஏப்ரல் 24, வியாழன்

வேலையை விட்டுவிட்டேன்.

இதை எழுதத்தான் இந்த நோட்டையே எடுத்தேன். பாடக்குறிப்பு எழுதப் பள்ளியில் கொடுத்தது. பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடக்கிறது. இனி எனக்குத் தோன்றியதை எழுதலாம், வாராவாரம் யாரும் பச்சை மையில் கையெழுத்துப் போட வரமாட்டார்கள்.

பத்து மணிக்குப் பிரின்ஸிபால் கூப்பிட்டார்கள். மேசைமேல் பெனினாவின் ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட். கணக்கில் பதினொன்று. மற்ற நாலு பாடமும் அறுபதுக்கு மேல்.

"ஜெபராணி டீச்சர், உங்களுக்குத் தெரியாததா? பத்தாவதுல ஒரு பிள்ளை ஒரு பாடத்துல போனாலும் நம்ம நூறு சதவீதம் போச்சு. மகளுக்கு டிசி வாங்கிக்கிடுங்க. டீச்சர் பிள்ளைன்னு விட்டா மத்தவங்க கேப்பாங்க."

பதினாறு வருஷம் இந்தப் பள்ளியில் அறிவியல் எடுத்திருக்கிறேன். "ரெண்டு டிசியா எழுதுங்க மேடம். ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு எனக்கு" என்றேன். அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். வைக்கவில்லை, போட்டேன். சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்தால் பெனினா ஃபோனில் கப்பல் பார்த்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வருகிறது, எந்த நாட்டுக் கொடி என்று காட்டும் ஏதோ ஒரு ஆப். அவள் அப்பா அங்கே கிரேன் ஓட்டுகிறார், அதனால் வந்த பைத்தியம். நடந்ததைச் சொன்னேன். தலையைத் தூக்கி, "மொத்தம் எத்தனை பேருக்கு எம்மா டிசி?" என்றாள்.

"அது உனக்கு எதுக்கு? உன் கதையைப் பேசுவோம்" என்றேன்.

மத்தியானம் சாளை மீன் குழம்பு. நன்றாக வந்திருந்தது. சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

அவருக்குச் சொல்ல ஒரு நாள் ஆகிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டு முடியட்டும் என்று காத்திருந்து சொன்னேன். அருள்மணி கோபக்காரர் இல்லை. அதுதான் கஷ்டம். தட்டில் கை காயும்வரை பருக்கைகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்துட்டீங்க."

"உக்காரல. இங்கேயே பள்ளிக்கூடம் நடக்கப்போகுது."

"பத்தாவதை வீட்டுல வச்சா?"

"பதினாறு வருஷமா ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்தவளுக்கு என் பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியாதா?"

அதற்குமுன் மூன்று பள்ளிகளுக்கு ஃபோன் போட்டுப் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. மூன்றிலும் ஒரே பதில்: பத்தாம் வகுப்பில் புதுப் பிள்ளை எடுப்பதில்லை.

எழுந்து கை கழுவப் போனவர் திரும்பி, "அவகிட்ட கேட்டியா?" என்றார். என்ன கேட்பது?

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "வேலையை விட்டுட்டீங்களாமே!" ஆமாம், விட்டுட்டேன் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். என் பிள்ளையை வேண்டாம் என்ற இடத்தில் எனக்கு என்ன வேலை என்றேன். இரண்டு பேர் கையைப் பிடித்து, "உங்களுக்குத்தான் டீச்சர் தைரியம்" என்றார்கள். மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஒருத்தி மட்டும், "பெனினாவோட சேர்த்து எட்டுப் பேருக்காமே டிசி?" என்றாள். வெயில் தாங்கவில்லை. கிளம்பி வந்துவிட்டோம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டேன். பள்ளிக்குப் போகாமல் பத்தாவது முடிக்க மூன்று வழி இருக்கிறது. வெளிநாட்டு வாரியம் ஒன்று; கட்டணத்தைப் பார்த்ததுமே அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். அடுத்தது திறந்தநிலைப் பள்ளி வாரியம். நீளமான பாடப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதில் ஐந்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். உளவியல்கூட இருக்கிறது, மனையியல் இருக்கிறது. கணக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். வேடிக்கையாக இருந்தது. மூன்றாவது, நம் மாநிலத் தேர்வையே தனித்தேர்வராக எழுதுவது. பெனினாவுக்கு வயது சரியாக இருக்கிறது. அறிவியல் செய்முறைக்கு மட்டும் முன்கூட்டிப் பதிந்து வகுப்புக்குப் போகவேண்டும். ஐந்து பாடமும் கட்டாயம்.

மூன்றாவதுதான். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அதே மார்ச் மாதம், அதே கேள்வித்தாள். அவர்கள் பிள்ளைகள் எழுதும் அதே நாளில் என் பிள்ளையும் எழுதுவாள். ரிசல்ட் வந்ததும் மார்க் ஷீட்டைப் பெரிதாக நகலெடுத்து அந்தப் பள்ளிச் சுவரில் நானே பசை தடவி ஒட்டுவேன்.

சார்ட் பேப்பர் வாங்கி வந்து கால அட்டவணை போட்டேன். ஐந்தரைக்கு எழுப்புதல். எட்டு பீரியட். அதில் கணக்கு இரண்டு. சனிக்கிழமை தோறும் தேர்வு. நாலு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா.

ஏப்ரல் 30, புதன்

பெனினா அட்டவணையை ரொம்ப நேரம் நின்று பார்த்தாள்.

"பாத்ரூம் எந்த பீரியட்ல எம்மா?"

"விளையாட்டா இருக்கா உனக்கு?"

"இல்ல. தேடிப் பார்த்தேன், காணல."

மே 2, வெள்ளி

கணக்கு. இரண்டு மணி நேரம். எழுத ஒன்றும் இல்லை.

மே 5, திங்கள்

செய்முறைப் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டுவர மாவட்டக் கல்வி அலுவலகம் போனேன். அறிவிப்பு வரட்டும், வந்து கட்டுங்கள் என்றார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் ஓர் அம்மா, கையில் பிளாஸ்டிக் கவர், உள்ளே டிசி. "டீச்சர்!" என்று ஓடிவந்தார்கள். பெயர் பொன்னுத்தாய். உப்பளத்தில் வேலை. மகள் சந்தனமாரி என் வகுப்பில்தான் படித்தாள்.

"எங்கயும் இடம் இல்லங்காவ டீச்சர். பத்தாப்புக்குப் புதுசா சேக்க மாட்டாவளாம். நீங்கதான கிளாஸ் டீச்சர், பெரிய மேடத்துக்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாவ. எம்மவ இங்கிலீஷ்லதான் போயிருக்கா, மத்ததுல பாஸு."

நான் வேலையை விட்டது அந்தம்மாவுக்குத் தெரியவில்லை. சொல்லலாம் என்று பார்த்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறினேன்.

ஆங்கிலத்தில் 29 எடுத்த பிள்ளை. பாஸ் மார்க் 35.

மே 6, செவ்வாய்

திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் துவைத்தேன். பெட்ஷீட்டும். மாடியில் கொடி போதவில்லை.

மே 9, வெள்ளி

இன்று எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன்.

காலையில் கணக்கு. மூன்றாவது நாளாக அதே பயிற்சி. பெனினா பென்சிலைக் கீழே வைத்தாள். "என்னால முடியல எம்மா. எண்ணெல்லாம் இடம் மாறுது. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே மாறுது. சோம்பேறித்தனத்துல சொல்லல."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உனக்காக நான் வேலையையே விட்டுட்டு வந்திருக்கேன். உன்னால இது முடியலையா?"

எழுந்து உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்து ஒரு தாளை என் முன்னால் வைத்தாள்.

கிழித்த நோட்டுத் தாள். என் கையெழுத்து. ஒன்றிலிருந்து ஏழு வரை பெயர்கள். ஏழாவது வரியில் பெனினா என்று எழுதி, அடித்து, பக்கத்தில் சந்தனமாரி என்று எழுதியிருக்கிறது.

"உன் பேக்ல இருந்துச்சு. ஏப்ரல்லயே பார்த்துட்டேன்."

தாளை எடுக்கப் போனேன். அவள் விரலால் அழுத்திக்கொண்டாள்.

"அவ 29. ஆறு மார்க்குதான் கம்மி. நான் பதினொண்ணு. யாரு எம்மா போயிருக்கணும்?"

"உனக்கு இதெல்லாம் புரியாது பெனி."

"எனக்காக வேலையை விட்டேன்னு மட்டும் சொல்லாத. நீ குடுத்த லிஸ்ட் அவங்களுக்குப் பத்தல. அதான் விட்ட."

அடுப்பில் பால் பொங்கிவிட்டது. இரண்டு பேரும் போகவில்லை.

மே 10, சனி

இந்த நோட்டில் நான் பொய் எழுதவில்லை. சொல்லாமல் விட்டிருக்கிறேன், அவ்வளவுதான் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் சரியில்லை. ஐந்தாம் தேதி பஸ் வரவில்லை. அந்தம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே திரும்பி நடந்தேன். அடுத்த நிறுத்தம்வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

ஐந்து வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. ஒவ்வொரு ஏப்ரலிலும் பிரின்ஸிபாலிடமிருந்து செய்தி வரும்: லிஸ்ட் இன்றைக்குள் வேண்டும். ஆறு பேர், ஏழு பேர் எழுதிக் கொடுப்பேன். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவதும் நான்தான். "இங்க அழுத்தம் ஜாஸ்தியா இருக்கு, வேற ஸ்கூல்ல பிள்ளை நல்லா வருவான்" என்பேன். நன்றாகச் சொல்வேன். சிலர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அப்போதெல்லாம் அட்டையைக் கழற்றிப் போடத் தோன்றவில்லை.

இந்த வருஷம் ஏழாவது பெயர் என் மகளுடையது. எழுதினேன். அடித்தேன். அடுத்த குறைந்த மார்க் யாருடையது என்று பார்த்தேன். பிரின்ஸிபால் மார்க் ஷீட்டை எடுத்துப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தார்கள். எட்டாவதாக என் பிள்ளையைச் சேர்த்தார்கள்.

கோயில் வாசலில் தைரியம் என்றார்களே, அது இதுதான்.

மே 12, திங்கள்

பொன்னுத்தாய் வீட்டுக்குப் போனேன். பெனினா வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். உப்பளத்துக்குப் போகும் சாலையோரம் ஓட்டு வீடு. "வாங்க டீச்சர், உள்ள வாங்க" என்று பாய் விரிக்கப் போனார்கள். உட்காரும் முன்னால் சொல்லிவிட்டேன். முழுவதையும் சொன்னேன்.

பொன்னுத்தாய் சத்தம் போடவில்லை. பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்கள்.

"அன்னைக்கு ஆபீஸ் வாசல்ல உங்ககிட்டயா டீச்சர் நான் கெஞ்சுனேன்?"

"ஆமா."

"ஒண்ணுமே பேசாம போனீயளே. பஸ்ஸுக்கு நேரமாயிட்டு போலன்னு நினைச்சேன்."

"பஸ்ஸுக்கு இல்லம்மா."

சந்தனமாரி வாசல்படியில் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்காமல் அவள் அம்மாவைப் பார்த்தே பேசினேன். என் வீட்டுக்கு அனுப்புங்கள், பெனினாவுடன் சேர்த்து நானே படிக்க வைக்கிறேன், தேர்வுக்கு நானே பதிகிறேன், புத்தகம் எல்லாம் என் பொறுப்பு. பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்த பேச்சு.

"வேண்டாம்" என்றார்கள் பொன்னுத்தாய். "உங்க வீட்டுல வந்து படிக்க எம்மவ என்ன குத்தம் செஞ்சா? அவளுக்குப் பள்ளிக்கூடம் வேணும். யூனிபாரம் போட்டு, நாலு பிள்ளையளோட பெஞ்சுல உக்காந்து படிக்கணும். எடுத்தது நீங்க. அதை வாங்கித் தாங்க."

"எனக்கு வீட்டுல படிக்க வராது டீச்சர்" என்றாள் சந்தனமாரி. "வீட்டுல இருந்தா வேலைதான் வரும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? தண்ணீர் குடிக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான்.

மே 14, புதன்

அரசுப் பள்ளிக்கு நானும் பொன்னுத்தாயும் சந்தனமாரியும் போனோம். தலைமையாசிரியர் டிசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெற்றோர் விருப்பத்தின் பேரில் விலகல் என்று போட்டிருக்கிறது. "விருப்பப்பட்டு எடுத்துட்டு இங்க வந்து நின்னா எப்படிம்மா? எங்க ரிசல்ட்டையும் மேல கேக்குறாங்க. ஆபீஸ்ல இருந்து ஒரு வரி வாங்கிட்டு வாங்க, சேத்துக்கிறேன்."

ஆபீஸில் ஒரு வரி வாங்க வேண்டுமென்றால் விருப்பம் இல்லை என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். பொன்னுத்தாய் எழுதினால் படித்துவிட்டு மூலையில் போடுவார்கள். பட்டியல் போட்டவள் எழுதினால் போடமுடியாது.

மே 16, வெள்ளி

கடிதத்தை நாலு தடவை எழுதினேன். முதலில் எழுதியதைப் பெனினா வாங்கிப் படித்தாள். ‘மேற்கண்ட மாணவர்களின் பெயர்ப் பட்டியல் தயாரிக்கப்பட்டது’ என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"யாரு தயாரிச்சா?"

அடித்துவிட்டு எழுதினேன்: நான் தயாரித்தேன்.

மற்ற ஆறு வீடுகளுக்கும் போய்வந்தாயிற்று. நாலு பிள்ளைகளுக்கு எப்படியோ இடம் கிடைத்துவிட்டது. ஒருவன் சித்தப்பாவோடு திருப்பூருக்குப் போய்விட்டான், பனியன் கம்பெனியில். இன்னொரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிஷம் நின்றேன். அவர்கள் திறக்கவேண்டிய அவசியமும் இல்லை.

கடிதத்தோடு அடித்த தாளின் நகல், பிரின்ஸிபால் அனுப்பிய செய்திகள், ஐந்து வருஷத்துக்கும். பதிவுத் தபாலில் போட்டேன். ரசீதை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

கணக்கு வகுப்பு ஒரு வாரமாக நடக்கவில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மே 20, செவ்வாய்

பிரின்ஸிபால் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பதினாறு வருஷத்தில் ஒரு தடவையும் வந்ததில்லை. காபி குடித்தார்கள், சுவரில் இருந்த அட்டவணையைப் பாராட்டினார்கள்.

"ஏதோ கோபத்துல போனீங்க. ஜூன் ரெண்டு அன்னைக்கு வந்துருங்க. பெனினாவும் வரட்டும், கணக்குக்குத் தனியா ஆள் போடுறேன். அந்த லெட்டரை மட்டும் வாபஸ் வாங்கிருங்க. அதுல உங்க பேருதான டீச்சர் கெடுது? நாளைக்கு எந்த ஸ்கூல்ல உங்களை எடுப்பாங்க?"

"சந்தனமாரி?"

"யாரு?"

பெயரே தெரியவில்லை. நான் எழுதிக்கொடுத்த பெயர்.

அவர்கள் போனபின் அருள்மணி நெடுநேரம் முற்றத்துக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். "ராணி, நீ தப்பு செஞ்ச, ஒத்துக்கிட்ட. அதோட போதாதா? பிள்ளைக்கு வழி திறக்குது. அடைக்காத."

நியாயமாகத்தான் பட்டது. இதை எழுதாமல் விடக்கூடாது: போய்விடலாம் என்று ஒரு மணி நேரம் நினைத்தேன். ஜூன் இரண்டுக்கு என்ன புடவை என்றுகூட நினைத்தேன். பிறகு பெனினாவைக் கூப்பிட்டேன். அவளிடம் முதல் தடவையாகக் கேட்டேன்.

"நீ வேணும்னா போ எம்மா. நான் போகமாட்டேன்."

"ஏன்?"

"எனக்குக் கணக்கு வராதுன்னு தெரிஞ்சு வெளிய போன்னாங்க. இப்பவும் வராது. அப்ப எதுக்கு உள்ள கூப்பிடுறாங்க?"

அருள்மணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் குழாயை இறுக்கி மூடினார்.

மே 22, வியாழன்

காலையில் எழுந்தால் சுவரில் சார்ட் பேப்பரைக் காணோம். மடித்துப் பழைய பேப்பர்கட்டில் வைத்திருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் கோடு போட்ட ஒரு தாள், ஒரே நீல மையில்.

"உட்காரு. நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் பேசாத."

உட்கார்ந்தேன். திறந்தநிலை வாரியத்தின் பாடப் பட்டியல் முழுவதையும் படித்திருக்கிறாள், பாடப் புத்தகங்களையும் இறக்கிப் பார்த்திருக்கிறாள். தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல், பொருளாதாரம். ஐந்தாவது அறிவியலா மனையியலா என்று ஜூலை மாதம் முடிவு செய்வாளாம்.

"அதென்ன ஜூலை?"

"நீ அறிவியல் எப்படி எடுக்குறன்னு ஒரு மாசம் பார்த்துட்டு."

பத்தரைக்கு ஆரம்பம். ஒரு நாளைக்கு இரண்டு பாடம்தான். வாரத்தில் ஒரு நாள் படிப்பே கிடையாது, அப்பாவோடு துறைமுகத்து வாசல்வரை போய்க் கப்பல்கள் பார்ப்பாள். எந்தச் சரக்கு எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று ஒரு நோட்டுப் போடப்போகிறாள். அது படிப்பில்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் தேர்வு வைத்துவிடுவேன் என்று அவளுக்குப் பயம் இருக்கும்.

"கணக்கு?"

"கத்துக்குவேன். வாரம் மூணு நாள், அரை மணி நேரம். எண் இடம் மாறுற பிள்ளைகளுக்குன்னு சொல்லிக்குடுக்குற டீச்சர் ஒருத்தங்க பாளையங்கோட்டையில இருக்காங்க, பேசிட்டேன். ஆனா பரீட்சை எழுதமாட்டேன். யாருக்கும் என் மார்க்கைக் காட்டமாட்டேன்."

"கணக்கு இல்லாம பத்தாவது முடிச்சா பாலிடெக்னிக் கிடைக்காது பெனி. நிறையக் கதவு மூடிரும்."

"தெரியும். எதெல்லாம் மூடும்னு பின்னாடி எழுதியிருக்கேன்."

தாளைத் திருப்பினேன். எழுதியிருந்தாள். ஒன்பது வரி. நான் யோசித்திராத இரண்டும் அதில் இருந்தன.

ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். தனித்தேர்வு எழுதிப் பாஸாகி அவர்கள் முகத்தில் கரியைப் பூசவேண்டாமா என்றேன். "அது உன் சண்டை எம்மா. நல்லாப் போடு. நான் கூட நிக்கிறேன். ஆனா அதுக்கு நான் பரீட்சை எழுதமுடியாது" என்றாள்.

நேரத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தாள் என்று எழுதலாம் என்று பார்த்தால், இறங்கவே இல்லை. பத்தரை பத்தரைதான்.

மே 28, புதன்

கல்வி அலுவலகத்தில் விசாரணை. அருள்மணி லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வந்தார். வெளி பெஞ்சில் பொன்னுத்தாய், சந்தனமாரி, பெனினா, அவர். பிள்ளைகள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே அதிகாரியம்மா, ஒரு எழுத்தர், பிரின்ஸிபால்.

"பள்ளி எந்த லிஸ்ட்டும் கேக்கல மேடம்" என்றார்கள் பிரின்ஸிபால். "பெற்றோரே விருப்பப்பட்டு வாங்கிட்டுப் போனது. இந்த டீச்சர் தன் மகளைக் காப்பாத்த தானா எழுதிக்கிட்ட தாள் அது. அதுல அடிச்சிருக்கிற பேரைப் பாருங்க, தெரியும்."

அதிகாரியம்மா தாளை என் பக்கம் தள்ளினார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"அடிச்சதும் நீங்களா?"

"நான்தான். என் மகளைக் காப்பாத்தத்தான் அடிச்சேன். அவங்க சொல்றது சரி." பிரின்ஸிபால் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஆனா மத்த ஆறு பேரை யாரைக் காப்பாத்த எழுதினேன் மேடம்? போன வருஷம் ஆறு, அதுக்கு முந்தின வருஷம் ஏழு. அதுல என் பிள்ளைகள் யாரும் இல்லையே. செய்தி எல்லாம் தேதியோட வச்சிருக்கேன். பெற்றோர் விருப்பம்னு எழுதச் சொல்லி அவங்க கையைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கினதும் நான்தான். எந்த மேசையில வச்சு வாங்கினேன்னும் சொல்றேன்."

"இதெல்லாம் உங்களுக்கே பாதகமா வரும். தெரியுதா?"

"தெரியும். எழுதிக்கிடுங்க."

எழுத்தர் எழுதினார். சத்தமாக வாசித்துக் காட்டச் சொன்னேன். ஒரு இடத்தில் ‘பட்டியல் கொடுக்கப்பட்டது’ என்றிருந்தது. திருத்தச் சொன்னேன்.

முடிவு: சந்தனமாரியை அரசுப் பள்ளியில் உடனே சேர்க்க உத்தரவு. பள்ளிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம். அந்தக் கடிதத்தால் பள்ளி இடிந்துவிடாது, எனக்குத் தெரியும். என்மீதும் ஒரு குறிப்பு ஏறியிருக்கிறது. இனி எந்தப் பள்ளியும் என்னை எடுக்குமா என்று தெரியவில்லை.

உத்தரவின் நகலைப் பொன்னுத்தாயிடம் கொடுத்தேன். இரண்டாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். "வாரோம்" என்றார்கள். நன்றி சொல்லவில்லை. அதற்காகப் போகவும் இல்லை நான்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிகள் திறந்தன. சந்தனமாரி போய்விட்டாளாம், பெனினாவுக்கு ஃபோனில் படம் வந்திருக்கிறது. இரட்டைச் சடை, புது யூனிபாரம் கொஞ்சம் தொளதொள. எனக்குக் காட்டவில்லை, நான் எட்டிப் பார்த்தேன்.

பத்து இருபதுக்கு ஃபோன். சுகிர்தா டீச்சர். என்னோடு வேலை பார்த்தவள், சின்னப் பெண், சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. குரலைத் தாழ்த்திப் பேசினாள். மாடிப்படிக்குக் கீழே நின்றிருப்பாள், அங்கேதான் எல்லாரும் ஃபோன் பேசுவோம்.

"அக்கா, உங்க கிளாஸை எனக்குக் குடுத்திருக்காங்க. ஏப்ரல்ல லிஸ்ட் கேட்டா நான் என்னக்கா செய்யட்டும்? வீட்டுல இந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருக்காங்க."

எழுதாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஐந்து வருஷம் எழுதியவள். ஆனாலும் சொன்னேன்.

"எழுதாத சுகிர்தா. எழுத்துல கேளுங்கன்னு சொல்லு. கேக்கமாட்டாங்க. கேட்டாங்கன்னா அதை எடுத்துக்கிட்டு என்கிட்ட வா. ரெண்டு பேரா போவோம்."

"பயமா இருக்குக்கா."

"இருக்கட்டும். எனக்குப் பயமே இல்லாம இருந்துச்சு, அதான் அவ்வளவு எழுதினேன்."

அந்தப் பக்கம் மணி அடித்தது. வைத்துவிட்டாள். நான் ஃபோனைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தேன் போல.

"எம்மா!" உள்ளேயிருந்து பெனினா. "பத்து முப்பத்தஞ்சு ஆச்சு. இன்னும் ரெண்டு நிமிஷத்துல வரலைன்னா உனக்கு ஆப்சென்ட் போட்டுருவேன்."

போட்டாலும் போடுவாள். ஓடினேன்.